ஸ்விஃப்ட்டின் காது

போன வாரம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் முக்கால் மணி நேரம் ஜொனாதன் ஸ்விஃப்ட்டுக்கு உளப்பகுப்பாய்வு செய்தார். பிறக்கும் முன்பே தகப்பன் இறந்துவிட்டார். கைக்குழந்தையைச் செவிலி டப்ளினிலிருந்து இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த ரணம்தான் 'கல்லிவரின் பயணங்க'ளாக வெடித்ததாம். தகப்பனில்லாப் பிள்ளைகளுக்கு அன்றைய டப்ளினில் பஞ்சமா? அத்தனை பேரும் கல்லிவர் எழுதினார்களா?

இது பழைய வியாதி. ஃபிராய்டின் சீடர் ஃபெரன்ஸி 1926இலேயே நியூயார்க்கில் கல்லிவரைப் பற்றிப் பேசினார். குள்ளர்களும் ராட்சதர்களும் அவருக்கு நோயாளிகளின் கனவாகத் தெரிந்தார்கள். 1955இல் கிரீனேக்கர் என்ற உளப்பகுப்பாய்வாளர் அம்மையார் புத்தகமே போட்டார்.

காது என்று ஒன்று இருப்பதை இவர்கள் மறந்துவிட்டார்கள். வாலிப வயது முதல் ஸ்விஃப்ட்டுக்குத் தலைசுற்றல், குமட்டல், காது மந்தம். ஆப்பிளை அளவுமீறித் தின்றதால் வந்த வினை என்று அவரே நம்பினார். 1861இல் மெனியர் என்ற பிரெஞ்சு மருத்துவர் இத்தகைய தலைசுற்றலுக்கு உட்காதுதான் காரணம் என்றார். ஸ்விஃப்ட்டுக்கும் அதே நோய்தான் என்பது பின்னால் மருத்துவர்கள் கண்ட முடிவு. மனுஷருக்குத் தேவைப்பட்டது காது மூக்கு தொண்டை டாக்டர். இவர்கள் அனுப்பிவைத்ததோ ஃபிராய்டின் வியன்னாவுக்கு! சித்த சுவாதீனம் இல்லை என்று 1742இல் சான்று எழுதியபோது அவருக்கு வயது 74. கல்லிவர் வந்தது 1726இல். பதினாறு வருஷம் கழித்து வரப்போகிற மூளைத் தளர்ச்சியை முன்கூட்டியே கடன் வாங்கியா எழுதினார்?

1729இல், ஏழைக் குழந்தைகளைக் கறிக்கு விற்கலாம் என்று யோசனை சொல்லிக் கிண்டலாக எழுதினார். அதுவும் தாய்ப்பால் ஏக்கமாம். அயர்லாந்தில் அப்போது விளைச்சல் பொய்த்து ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள், ஐயா! 1724இல் இங்கிலாந்து அயர்லாந்தின் தலையில் கட்டப் பார்த்த செப்புக்காசை எதிர்த்து அவர் கடிதம் எழுத, எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுன் என்று அரசு அறிவித்தது. காது மந்தமான ஒரு பாதிரியாருக்கு, அவருடைய மனக்காயத்துக்குப் பயந்தா அந்த விலை?

நம்மவர்கள் மட்டும் என்ன? புதுமைப்பித்தனின் நக்கலுக்கு மாற்றாந்தாயைக் காரணம் காட்டுகிறோம். பெண் ஒருத்தி கதை எழுதினால், "சொந்த அனுபவமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. பதிப்பாளர்களோ கல்லிவரைக் குள்ளர் தீவோடு நறுக்கிக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். குதிரைகள் மனிதனை விசாரிக்கும் நாலாம் பாகத்தைப் படிக்காமலே மேடை ஏறுகிறவர்கள் உண்டு.

பைத்தியம் என்று இவர்கள் பட்டம் கட்டும் இந்த மனுஷர், தம் சொத்தில் பெரும்பகுதியை டப்ளினில் மனநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட எழுதிவைத்தார். 1757இல் திறந்தார்கள். இன்றும் நடக்கிறது.