வானத்தில் சத்தம் கேட்டால் முதலில் நிமிர்ந்து பாருங்கள், அப்புறம் பகிரலாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஒரு விமானம் தாழ்வாகப் போய்விட்டால் போதும். அரை மணி நேரத்தில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பத்துச் செய்தி வந்துவிடும். "போர் விமானம் சுத்துது", "ஏதோ நடக்கப் போகுது", "எல்லாருக்கும் அனுப்புங்க". அனுப்பியவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வராது.

2025 மே 7 அன்று சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. ஒத்திகை என்று முன்கூட்டியே அறிவித்துத்தான் நடத்தினார்கள். ஆனால் அந்த வாரம் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் காட்சிகளைக்கூட உண்மையான சண்டை என்று நம்பிப் பகிர்ந்தார்கள். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், யாரும் விலக்கில்லை.

என் கருத்து இதுதான். நம் தலைக்கு மேலே போகும் விமானங்களை அடையாளம் காணப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். காகம் எது, பருந்து எது என்று சொல்லிக் கொடுப்பது போலத்தான். காசிமேட்டில் தூரத்தில் வரும் படகின் அணியத்தைப் பார்த்தே யாருடைய படகு என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்கு இது பெரிய காரியமே இல்லை.

நான்கு கேள்விகள் போதும். இறக்கை உடலுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இன்ஜின் எத்தனை? விசிறி சுற்றுகிறதா, ஜெட்டா? வால் எப்படி இருக்கிறது?

இறக்கை மேலே, பக்கத்துக்கு ஒரு விசிறி, கூரான மூக்கு, சின்ன உருவம் என்றால் அது பெரும்பாலும் டோர்னியர். மீனம்பாக்கத்தில் இருக்கும் கடலோரக் காவல்படை தளத்திலிருந்து கடலைச் சுற்றிவரும் விமானம். அதே மாதிரி, ஆனால் உருவத்தில் பெரியது, இன்ஜின் இரண்டும் இறக்கைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்த மாதிரி தெரிந்தால் விமானப்படையின் ஏஎன்-32.

பயணிகள் விமானம் போலவே இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறம், வரிசையாக ஜன்னல் இல்லை என்றால் அது கடற்படையின் பி-8ஐ. போயிங் 737 விமானத்தை அடிப்படையாக வைத்துச் செய்தது. 2013 முதல் அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது அதன் முக்கிய வேலை. ஒல்லியான நீண்ட இறக்கை, பின்பக்கம் விசிறி, ஆள் உட்காரும் இடமே இல்லை என்றால் அது ஆளில்லா விமானம். அப்படி ஒன்றுதான் 2024 செப்டம்பர் 18 அன்று சென்னைக்கு அப்பால் கடலில் இறங்கியது.

சண்டை விமானங்களுக்கு வாலும் இறக்கையும்தான் அடையாளம். இரட்டை வால் என்றால் பெரும்பாலும் தஞ்சாவூரில் இருக்கும் சுகோய்-30. முக்கோண இறக்கை, ஒற்றை வால், ஒரே இன்ஜின் என்றால் பெரும்பாலும் சூலூரில் இருக்கும் தேஜஸ். முக்கோண இறக்கைக்கு முன்னால் இன்னொரு சின்ன ஜோடி இறக்கை, இரண்டு இன்ஜின், ஒற்றை வால் என்றால் ரஃபேல்.

இதில் கணக்குப் பாடமும் அறிவியல் பாடமும் சேர்ந்தே வரும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். விமானம் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் சத்தம் நம் காதுக்கு வர மூன்று நொடி ஆகும். மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் அந்த மூன்று நொடியில் அரை கிலோமீட்டர் முன்னால் போயிருக்கும். ஆகவே சத்தம் வரும் இடத்தில் தேடாதே, அதற்கு முன்னால் தேடு என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்.

"ரொம்பத் தாழ்வாப் போச்சு" என்பதும் பல நேரம் கண் ஏமாற்றுவதுதான். டோர்னியரின் இறக்கை நீளம் சுமார் 17 மீட்டர். பி-8ஐக்கு 37 மீட்டருக்கு மேல். இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தால் பி-8ஐ இரண்டு மடங்குக்கு மேல் தூரத்தில் இருக்கிறது. உருவம் தெரியாமல் உயரத்தைச் சொல்ல முடியாது.

சரி, இதைத் தெரிந்து என்ன லாபம் என்று கேட்பீர்கள்.

முதலில் நம் மீனவர்களுக்கு. புயல் வரும் முன் கடலில் இருக்கும் படகுகளைக் கரைக்குத் திரும்பச் சொல்லிக் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் விமானங்களும் சுற்றி எச்சரிக்கும். நடுக்கடலில் ஒரு டோர்னியர் உங்கள் படகைத் தாழ்வாகச் சுற்றிச் சுற்றி வந்தால் அது வேடிக்கைக்கு வரவில்லை. வயர்லெஸ்ஸைத் திறந்து கேட்க வேண்டும். 2017 ஒக்கியில் கன்னியாகுமரிக் கரை எத்தனை பேரை இழந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. கடலில் ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 1554. இதையும் வீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது, பயம் குறையும். ஈழத்தில் யாழ்ப்பாணப் பிள்ளைகள் சத்தத்தை வைத்தே எது ஹெலி, எது பொம்மர், எது கிபிர் என்று பிரித்துச் சொன்னார்கள். குண்டு போட வந்த சரக்கு விமானத்துக்குச் 'சகடை' என்றே பெயர் வைத்தார்கள். பங்கருக்கு ஓட எத்தனை நொடி இருக்கிறது என்பது அந்த அடையாளத்தில் இருந்தது. அவர்கள் உயிருக்காகக் கற்றதை நம் பிள்ளைகள் நிம்மதியாக உட்கார்ந்து கற்க முடிகிறது. அந்த அருமை தெரியாமல் நாமே இல்லாத போரை வாட்ஸ்அப்பில் கொண்டுவருவது எவ்வளவு பெரிய அநியாயம்!

மூன்றாவது, மேலே போவதில் இருப்பவர்களும் மனிதர்கள். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் 29 பேரோடு காணாமல் போனது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்தன. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களை வைத்து 2024 ஜனவரியில் உறுதி செய்தார்கள். அந்த இரண்டு விசிறி விமானம் மேலே போகும்போது எனக்கு அந்த 29 குடும்பங்கள் ஞாபகம் வரும்.

"இதெல்லாம் ராணுவ ரகசியம் ஆச்சே சார், பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. விமானத்தின் பெயரும் உருவமும் ரகசியமில்லை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையே 72 விமானங்களை ஊருக்குக் காட்டியது. அன்றைக்கு வெயிலிலும் நெரிசலிலும் வாடி ஐந்து பேர் இறந்தார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் எந்த விமானம் வந்தது என்று கேட்டால், "புகை விட்டுக்கிட்டுப் போச்சு" என்பதுதான் பலருடைய பதில்.

ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது எத்தனை விமானம், எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் போகிறது என்பதுதான் வெளியே போகக் கூடாதது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு ஊடகங்களுக்குச் சொன்னதும் இதுதான்: பாதுகாப்புப் படைகளின் நடமாட்டத்தை நேரலையில் காட்டாதீர்கள் என்று. அது நம் கைப்பேசிக்கும் பொருந்தும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். கண்ணால் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். வீடியோ எடுத்து இடத்தையும் நேரத்தையும் போட்டுப் பகிர வேண்டாம்.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இதற்குத் தனிப் பாடவேளை கேட்க வேண்டாம். ஒரு சார்ட்டில் ஆறு விமானங்களின் நிழலுருவம் வரைந்து வகுப்பில் மாட்டுங்கள். சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடத்தான் செய்வார்கள், அதட்டாதீர்கள். திரும்பி வந்ததும் நான்கு கேள்விகளையும் கேளுங்கள். "தெரியலை சார், மேகம் மறைச்சிடுச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கும் பாராட்டுங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளை நாளைக்குப் பொய்ச் செய்தியைப் பகிராது.

பெற்றோர்களும் இன்றைக்கே வீட்டில் தொடங்கலாம். மொட்டை மாடி போதும்.