நாள் பார்க்க முடியாதவர்களின் யாத்திரை

கோயில் யாத்திரை புறப்படுவோருக்கு ஆண்டுதோறும் தவறாமல் வழங்கப்படும் அறிவுரை ஒன்று உண்டு. திருவிழாக் காலத்தைத் தவிர்த்து விடுங்கள்; வாரத்தின் நடுநாளாகப் பார்த்துச் செல்லுங்கள்; மூன்று மாதத்திற்கு முன்பே இணையத்தில் பதிவு செய்யுங்கள்; முதியவர்களையும் குழந்தைகளையும் நெரிசலுக்குள் அழைத்துச் செல்லாதீர்கள். அறிவுரையில் பிழை ஏதுமில்லை. அதைக் கேட்டு நடக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சங்கராந்திக்கு முந்தைய நாள்களில் ஹைதராபாத் மகாத்மா காந்தி பேருந்து நிலையத்திலோ செகந்திராபாத் ரயில் நிலையத்திலோ ஒரு மணி நேரம் நின்றால் விடை கிடைத்துவிடும். கட்டடத் தொழிலாளர்கள், அடுக்ககங்களின் காவலாளிகள், நாலைந்து வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்கள், ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆகியோர்தான் அங்கே மூட்டை முடிச்சுகளுடன் அலைமோதுகிறார்கள். கச்சிபவுலியின் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர் ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு சாமி கும்பிட்டு வரலாம், சம்பளம் குறையாது. நாள்கூலிக்கு விடுப்பு என்றால் அன்றைக்கு அடுப்பில்லை என்று பொருள். நகரமே விடுமுறை எடுக்கும் நாள் ஒன்றுதான் அவருக்கும் விடுமுறை. ஆகவே எல்லோரும் போகும் நாளில்தான் அவரும் போகிறார். 2025 ஜூலையில் தெலங்கானா அரசு வணிக நிறுவனங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று ஆணையிட்டது. ஓய்வு நேரத்தையும் சுருக்கிவிட்டு, 'கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்' என்று சொல்வதில் என்ன நேர்மை இருக்கிறது?

வாயிற்கதவும் கைப்பிடிச் சுவரும்

2025 ஜனவரி 8 அன்று இரவு, வைகுண்ட ஏகாதசிக்கான இலவச தரிசன டோக்கன் பெறுவதற்காகத் திருப்பதியில் காத்திருந்தவர்களில் ஆறு பேர் நெரிசலில் மாண்டனர். அவர்களில் ஒருவர் சேலத்திலிருந்து சென்ற பெண். டோக்கன் தருவதாக அறிவிக்கப்பட்டிருந்ததோ மறுநாள் காலை ஐந்து மணிக்கு. பைராகிபட்டெடா மையத்தில் உடல்நலம் குன்றிய ஒருவரை வெளியே கொண்டுவரக் கதவு திறக்கப்பட்டபோது, விநியோகம் தொடங்கிவிட்டது என்று எண்ணிக் கூட்டம் முன்னே பாய்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, கார்த்திகை ஏகாதசியும் சனிக்கிழமையும் சேர்ந்து வந்த நாளில், ஸ்ரீகாகுளம் மாவட்டம் காசிபுக்காவில் தனியார் ஒருவர் கட்டிய வெங்கடேஸ்வரர் கோயிலின் படிக்கட்டில் கைப்பிடித் தடுப்பு பெயர்ந்து ஒன்பது உயிர்கள் போயின. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் கோயில் அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் இல்லை, முன்கூட்டித் தகவல் தரப்படவில்லை என்பது அரசின் விளக்கம்.

இரண்டு நிகழ்வுகளிலும் கூட்டம் எதிர்பாராமல் வந்ததல்ல. ஏகாதசி எந்த நாளில் வரும் என்பது பஞ்சாங்கத்தில் ஓராண்டுக்கு முன்பே அச்சாகி விடுகிறது. புயலைப் போலவோ நிலநடுக்கத்தைப் போலவோ இது சொல்லாமல் வரும் பேரிடர் அல்ல. மக்கள் நாள் பார்த்து வருகிறார்கள். அரசுதான் நாள் பார்ப்பதில்லை.

ஆனால் பழி விழுவது எப்போதும் வந்தவர்கள் மீதே. 2015 ஜூலை 14 அன்று கோதாவரி புஷ்கரத்தின் முதல் நாளில் ராஜமுந்திரியில் 27 பேர் இறந்தனர். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதே படித்துறையில் நீராடிச் சென்ற பிறகு, அதுவரை தடுத்து நிறுத்தப்பட்டிருந்த கூட்டம் உள்ளே விடப்பட்டபோது நடந்த சாவுகள் அவை. விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது ஊடக விளம்பரத்தையும், குறித்த முகூர்த்தத்தில் நீராட வேண்டும் என்ற மக்களின் நம்பிக்கையையும் காரணமாகக் காட்டியது. 2025 பிப்ரவரி 15 அன்று கும்பமேளாவுக்குச் செல்லக் கூடிய கூட்டத்தில் புதுதில்லி ரயில் நிலையத்தில் 18 பேர் இறந்தனர். ஒரு பயணியின் பெரிய தலைச்சுமை நடைமேம்பாலப் படிக்கட்டில் விழுந்ததே காரணம் என்று ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதிலளித்தார். அளவுக்கு மீறி விற்கப்பட்ட பயணச்சீட்டுகளும் போதாத ரயில்களும் பின்னுக்குப் போயின. ஏழையின் மூட்டை குற்றவாளி ஆயிற்று.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இது புதிதல்ல. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா நீராட வந்திருந்த வேளையில், ஏறத்தாழ 50 பேர் மடிந்ததை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

பக்தியைக் குறை சொல்வது எளிது

இத்தகைய சாவுகள் நிகழும்போதெல்லாம், 'மூடநம்பிக்கையின் விளைவு' என்று கூறி ஒதுங்கிக்கொள்ளும் குரல் முற்போக்காளர் சிலரிடமிருந்தும் எழுகிறது. அது தவறான குரல். 2024 டிசம்பர் 4 அன்று ஹைதராபாத் சந்தியா திரையரங்கில் ஒரு பெண் நெரிசலில் இறந்தார். அது திரைப்படத்தின் சிறப்புக் காட்சி. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்திற்கு வெளியே 11 பேர் இறந்தது கிரிக்கெட் வெற்றி விழாவில். செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் இறந்தது அரசியல் கூட்டத்தில். கூடிய காரணம் வேறு வேறு. போதாத வழி, பொறுப்பற்ற அறிவிப்பு, முக்கியப் பிரமுகரின் வருகை, திணறும் காவல்துறை ஆகியவையே திரும்பத் திரும்பக் காணப்படுபவை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் திரள் கூட்டங்களை நிர்வகிப்பதற்கான வழிகாட்டி நூலை 2014-லேயே வெளியிட்டுவிட்டது. வழிகாட்டி இருக்கிறது, அதை மீறினால் யார் தண்டிக்கப்படுவார் என்ற விதிதான் இல்லை.

மதத்தைப் பற்றி மார்க்ஸ் எழுதியதில் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் சில்கூர் நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தை அடுத்த சில்கூர் பாலாஜி கோயில் பல வகையில் தனித்தன்மை கொண்டது. அங்கே உண்டியல் இல்லை. சிறப்புக் கட்டணம் இல்லை. பிரமுகர் வரிசை இல்லை. 2024 ஏப்ரல் 19 அன்று குழந்தைப்பேறு வேண்டும் பெண்களுக்குக் கருடப் பிரசாதம் வழங்கப்படும் என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. எதிர்பார்த்ததைக் காட்டிலும் பன்மடங்கு மக்கள் வந்து குவிந்தனர். பல கிலோமீட்டர் தொலைவுக்கு வாகனங்கள் நகர முடியாமல் நின்றன. நகரம் கைகொட்டிச் சிரித்தது. அதே நகரத்தில் தனியார் கருத்தரிப்பு மையங்கள் ஒரு முறை சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் வாங்குகின்றன. அந்தக் கதவு மூடியிருக்கும் பெண், பிள்ளையில்லாதவள் என்ற ஏச்சை நாள்தோறும் கேட்கும் பெண், கட்டணம் கேட்காத ஒரு கதவை நோக்கி ஓடினாள் என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? அவளுடைய நம்பிக்கையோடு வாதிடலாம்; அவளைக் கேலி செய்யும் தகுதி யாருக்கும் இல்லை.

கட்டணத்துக்கு ஏற்ற தெய்வ சந்நிதி

நெரிசல் எல்லோரையும் சமமாக நெரிப்பதில்லை. திருமலையில் 300 ரூபாய்ச் சீட்டுக்கு ஒரு வரிசை; ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை அளிப்பவருக்கு ஒரு வரிசை; பரிந்துரைக் கடிதம் வைத்திருப்பவருக்கு மற்றொரு வரிசை. இவை எதுவும் இல்லாதவருக்கு இலவச வரிசை. தெலங்கானாவின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி ஒன்றுபட்டு வென்ற கோரிக்கைகளில் ஒன்று, தங்கள் பரிந்துரைக் கடிதங்களைத் திருமலையில் ஏற்க வேண்டும் என்பது. 2025 மார்ச் முதல் அது நடைமுறைக்கு வந்தது. கடிதம் பெறும் தொலைவில் இல்லாத தொகுதி மக்களின் காத்திருப்பைக் குறைக்கும்படி இதே ஒற்றுமையோடு அவர்கள் கேட்டதுண்டா? சிறப்பு தரிசனக் கட்டணத்தை எதிர்த்த பொதுநல வழக்கை 2025 ஜனவரி 31 அன்று உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தகைய தனிச்சலுகை கூடாது என்பது தன் கருத்து என்று கூறிய நீதிமன்றம், உத்தரவு பிறப்பிப்பதற்குரிய வழக்காக அதைக் கருதவில்லை.

போகும் வழியிலும் இதே படிநிலைதான். செகந்திராபாத்திலிருந்து திருப்பதிக்கு 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் வந்தே பாரத் ரயிலைத் தொடங்கி வைத்தார். அதில் குளிரூட்டப்பட்ட இருக்கைப் பெட்டிகள் மட்டுமே உண்டு. முன்பதிவற்ற பெட்டி ஒன்றுகூட இல்லை. முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. பண்டிகைக் காலச் சிறப்புப் பேருந்துகளுக்கு ஒன்றரை மடங்குக் கட்டணம் வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் 2003-ஆம் ஆண்டின் அரசாணையைத் தெலங்கானா போக்குவரத்துக் கழகம் இன்றும் பயன்படுத்துகிறது. கூட்டம் மிகும்போது வசதியைக் கூட்டுவதற்குப் பதிலாக விலையைக் கூட்டுவது சந்தையின் அறம். மக்கள் நல அரசின் அறம் அதுவாக இருக்க இயலாது.

மாறாக, 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்குக் கிடைத்த இலவசப் பேருந்துப் பயணம் என்ன செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உப்பலில் ஏறி யாதகிரிகுட்டாவில் இறங்கும் பெண்களில், கணவனிடமோ மகனிடமோ காசு கேட்காமல் ஊர் கடந்தது வாழ்வில் அதுவே முதல் முறை என்பவர்கள் இருப்பார்கள். கூடுதல் பேருந்துகளை இயக்காமல் அவர்களை நெரிசலில் தொங்கவிடுவது நிர்வாகத்தின் குறை, திட்டத்தின் குறையன்று. அதே யாதகிரிகுட்டாவில், ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புதுப்பிக்கப்பட்ட கோயில் 2022 மார்ச் 28 அன்று திறக்கப்பட்டபோது, உள்ளூர் ஆட்டோக்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. தொழிலாளர்கள் தொடர்ந்து போராடிய பின், 2024 தொடக்கத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. யாத்திரைத் தலத்தைத் திட்டமிடும்போது முதலில் மறக்கப்படுவது அத்தலத்தை நம்பிப் பிழைப்பவர்களே.

இணையம் மட்டும் தீர்வல்ல

திருப்பதிச் சாவுகளுக்குப் பின் வந்த வைகுண்ட ஏகாதசியின் முதல் மூன்று நாள்களுக்கு மின்னணுக் குலுக்கல் முறையைத் தேவஸ்தானம் அறிவித்தது. கவுன்ட்டர் முன் உயிர்போகும் நிலை இதனால் தவிர்க்கப்படுமானால் வரவேற்கத்தக்கதே. ஆனால் நெரிசலைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றுவது வேறு, தீர்ப்பது வேறு. கைப்பேசியும் எழுத்தறிவும் இல்லாதவர் குலுக்கலுக்கு வெளியே நிற்கிறார்.

கேரளத்தின் அனுபவம் இங்கே பாடமாகும். தெலுங்கு மாநிலங்களிலிருந்து ஆண்டுதோறும் பெருந்திரளானோர் செல்லும் சபரிமலையில், 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டில் 102 பேர் இறந்தனர். அப்போது ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி. அந்தப் பொறுப்பை மறைக்க வேண்டியதில்லை. 2024-ல் இணையப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று முதலில் அறிவித்த இடதுசாரி அரசு, பதிவு செய்யாமல் வரும் எளிய பக்தர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்ற விமர்சனத்தை ஏற்று, பம்பை, எருமேலி, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களில் நேரடி மையங்களைத் திறந்தது. எண்ணிக்கைக்கு வரம்பு தேவை. அந்த வரம்பு ஏழைகளை மட்டும் வெளியே தள்ளும் வாயிலாகிவிடக் கூடாது.

மேடாரம் ஒரு தேர்வு

2026 ஜனவரி 28 முதல் 31 வரை முலுகு மாவட்டத்தின் காட்டுக்குள் மேடாரம் சம்மக்கா–சாரலம்மா ஜாதரைக்கு நாள் குறிக்கப்பட்டது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் இத்திருவிழாவில் சிலை இல்லை. பூசாரிகள் கோயா பழங்குடியினர். காணிக்கை, 'பங்காரம்' என்று அழைக்கப்படும் வெல்லம். பஞ்ச காலத்தில் வரி கேட்டு வந்த காகதீயப் படையை எதிர்த்து மாண்ட தாயும் மகளுமே அங்கே தெய்வங்கள். வரி கொடுக்க மறுத்தவர்களின் நினைவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். அந்த நான்கு நாள் தவறினால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். 'வேறு நாளில் வாருங்கள்' என்ற அறிவுரைக்கு அங்கே இடமே இல்லை. அடுத்து 2027-ல் கோதாவரி புஷ்கரம் வருகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. நேரம் குறிக்கப்பட்ட இலவச தரிசன டோக்கன்களைத் திருப்பதியில் மட்டுமன்றி, ஹைதராபாத் ஹிமாயத்நகரில் உள்ள தேவஸ்தான மையம் போன்ற இடங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் நேரில் வழங்க வேண்டும். முக்கிய நாள்களில் அமைச்சர்கள், நீதிபதிகள், உயர் அதிகாரிகள் உள்ளிட்ட அனைவரின் சிறப்பு வருகைக்கும் தடை வேண்டும். தனியார் கோயில்களும் பெருங்கூட்டம் கூடும் நாள்களில் பாதுகாப்பு அனுமதி பெற வேண்டும். பண்டிகைக் காலக் கூடுதல் கட்டணத்தை ஒழித்து, முன்பதிவற்ற பெட்டிகளைக் கூட்ட வேண்டும். நெரிசல் சாவுகளுக்கு அதிகாரிகளையும் அமைப்பாளர்களையும் பொறுப்பாக்கும் சட்டம் வேண்டும்; விசாரணை அறிக்கைகள் காலக்கெடுவுக்குள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, ஒப்பந்தத் தொழிலாளர் உள்ளிட்ட அனைவருக்கும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

கடைசிக் கோரிக்கை கோயிலுக்குத் தொடர்பில்லாததுபோல் தோன்றலாம். உண்மையில் நெரிசலின் வேர் அங்கேதான் இருக்கிறது. தனக்கென்று ஒரு நாள் சொந்தமாக இருப்பவரால்தான் நாள் பார்த்துப் புறப்பட முடியும். அந்த நாளை உழைப்பவருக்குப் பெற்றுத் தரும் வரை, அவர் எந்த நாளில் வந்தாலும் உயிரோடு வீடு திரும்பச் செய்வது அரசின் கடமை.