மூச்சை அடக்காதீங்க!

"தண்ணிக்குள்ள ஒரு நிமிஷம் தம் கட்டுவேன்!" என்று கிணற்றில் குளிக்கும்போது பந்தா விடுவீர்கள்தானே, குட்டீஸ்? ஸ்கூபா டைவிங் கற்கப் போனால், அந்தப் பந்தாவைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும்.

அக்காலத்தில் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் தம் கட்டித்தான் மூழ்கினர். கரைக்காற்றை நுரையீரலில் நிரப்பிக்கொண்டு போனார்கள். ஆழத்தில் அது சுருங்கும்; மேலே வந்தால் பழைய அளவுக்கே திரும்பும். ஸ்கூபாவில் கதையே வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், மேலே இருப்பதைப்போல் 2 மடங்கு. சிலிண்டர் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வாய்க்கு வரும். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், 2 மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனவே, மூச்சு விட்டுக்கொண்டே மெதுவாக வர வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டர் போதும்.

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது. அதனால்தான் முதலில் நீச்சல் குளத்திலோ, ஆழமில்லாத கடலிலோ பழக்குகிறார்கள். அந்தமானுக்கு டூர் போனதும், "போட்டோ எடுக்கணும், நேரா ஆழத்துக்குப் போகலாம்" என்று அடம்பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 'பாடி' என்ற பயிற்சி அமைப்பு, 10 வயதானால்தான் கடலில் டைவிங் செய்யச் சான்றிதழ் தருகிறது. 10, 11 வயதுக்காரர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. கூடவே அப்பாவோ அம்மாவோ பயிற்சியாளரோ நீந்த வேண்டும். இது ரொம்ப நியாயமான விதி.

ஜலதோஷம் பிடித்தால் காது அடைத்துக்கொள்ளும். ஆழத்து அழுத்தத்தில் செவிப்பறை கிழியலாம். அப்போது, "இன்னிக்கு வேண்டாம், தம்பி" என்று திருப்பி அனுப்புபவர்தான் நல்ல வாத்தியார். அவர்மேல் கோபப்படாதீர்கள்!