கேள்வியே தப்பு, தம்பி!

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது வேலைக்குப் போகிறான், வார இறுதியில் நண்பர்களோடு கிட்டார் வாசிக்கிறான். பையைத் திறந்து மூன்று ஓவர்டிரைவ் பெடல்களை மேசைமேல் வரிசையாக வைத்தான். மூன்றாவது தவணையில் வாங்கியது. இன்னும் நான்கு மாதத் தவணை பாக்கி.

"சார், மூணுலயும் சோலோ வழவழன்னு வரமாட்டேங்குது. மணலை அள்ளிப் போட்ட மாதிரி கரகரங்குது. நாலாவதா எதை வாங்கலாம்? இல்ல, என் கையே சரியில்லையா?"

"எந்த ஆம்பில் வாசிக்கிறாய்? எவ்வளவு சத்தத்தில்?" என்று கேட்டேன்.

விழித்தான். மூன்று பெடல் வாங்கி முடிக்கும்வரை ஒருவர்கூட அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான்கு பேரிடம் யோசனை கேட்டிருக்கிறான், நான்கு பேரும் நான்கு பெடல் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். பள்ளி வேலையோடு பல வருடம் மெல்லிசைக் குழுவில் கிட்டார் பிடித்தவன் என்பதால் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் கட்சி இதுதான்: "ஸ்மூத் சோலோவுக்கு எந்த பெடல் நல்லது?" என்ற கேள்வியே தவறு. டியூப் ஆம்பில் அந்த வழவழப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஆம்ப்தான். பெடல் அதற்குத் துணை. எந்த ஆம்ப், அது எந்த அளவு சத்தத்தில் ஓடுகிறது என்று தெரியாமல் பெடல் பெயர் சொல்வது, நோயாளியைப் பார்க்காமல் மாத்திரை எழுதுவதுபோல.

முதலில் அடிப்படை. என் வயதுக்காரர்களுக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். அந்த வால்வைத்தான் கிட்டார் உலகம் டியூப் என்கிறது. அதற்குள் அளவுக்கு மீறிய சிக்னலை அனுப்பினால் அலையின் தலை மழுங்கும். நல்ல கிட்டார் ஆம்பில் அந்த மழுங்கல் படிப்படியாக வரும். சற்று அழுத்தினால் கொஞ்சம், இன்னும் அழுத்தினால் இன்னும் கொஞ்சம். அதோடு மெல்ல மீட்டிய சுரத்துக்கும் ஓங்கி மீட்டிய சுரத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும், சுரம் நீண்டு நிற்கும். கிட்டார் ஸ்பீக்கரோ சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கூர்மையைப் பெரும்பாலும் வெட்டிவிடும். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் நாம் வழவழப்பு என்கிறோம்.

1966ல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டைக் கேளுங்கள். கிப்ஸன் லெஸ் பால் கிட்டார், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த மார்ஷல் ஆம்ப். ஸ்டுடியோவில் அவர் ஆம்பின் சத்தத்தைக் குறைக்க மறுத்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அது பிடிவாதமாகத் தெரியலாம். ஆனால் சத்தத்தைக் குறைத்தால் அந்த ஒலியே போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் க்ரீம் குழுவில் அவர் கொண்டுவந்த குழைவான ஒலிக்குக் கிட்டாரிலேயே இருக்கும் டோன் குமிழை இறக்கி வைத்ததும் முக்கியக் காரணம். காசு கொடுக்காமல் கையிலேயே இருக்கும் குமிழ் அது. எந்தக் கடைக்காரர் அதைப் பற்றிப் பேசுவார்?

சரி, அப்படியானால் பெடல் எதற்கு? இரண்டு வேலைக்கு. ஒன்று, ஆம்பின் முதல் டியூபை இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளுவது. இரண்டு, தள்ளும் முன் சிக்னலைச் சீவிக் கொடுப்பது. 1979ல் வந்த ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் 808ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ஸான் நிறுவனத்தின் சுசுமு தமுரா வடிவமைத்தது. அதன் மழுங்கல் கட்டம் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாகவே பெருக்கும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அந்த அடிப்பகுதி ஒலி அதிகம் உள்ளே போனால் ஆம்ப் சேறாகக் குழம்பும். அதைச் சீவிவிட்டு, பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் இடையே உள்ள மிட் பகுதியை முன்னே தள்ளுகிறது இந்த பெடல்.

அறுபதுகளின் ஃபெண்டர் ஆம்புகளில் இதே மிட் பகுதிதான் குழி விழுந்தாற்போல இருக்கும். ஆம்பில் குழி, பெடலில் மேடு. இரண்டும் சேர்ந்தால் சமதளம். ஸ்டீவி ரே வான் கையில் டியூப் ஸ்க்ரீமர் பொருந்தியதற்கு இது ஒரு பெரிய காரணம். அதோடு அவர் 0.013 அங்குலத் தடிமனில் தொடங்கும் கம்பிகளைக் கட்டி, சுருதியை அரைப் படி இறக்கி, பல ஆம்புகளை உரத்த சத்தத்தில் ஓட்டினார். இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பச்சைப் பெட்டியை மட்டும் வாங்கினால் என்ன வரும்? பச்சைப் பெட்டிதான் வரும்.

ஏற்கெனவே மிட் தூக்கலாக இருக்கும் மார்ஷலில் அதே பெடலின் டிரைவைக் கூட்டிப் பாருங்கள். மூக்கால் பாடுவதுபோல இருக்கும். டிரைவைக் குறைத்து லெவலைக் கூட்டினால் மார்ஷல் இறுக்கமாக, தெளிவாகப் பேசும். பெடல் ஒன்றுதான், குமிழ்கள்தான் வேறு.

பிரையன் மே வாக்ஸ் ஏசி 30 ஆம்பை வைத்துக்கொண்டு ஒரு ட்ரெபிள் பூஸ்டரைத்தான் முன்னால் போட்டார். மேல் பகுதியைத் தூக்கி ஆம்பைத் தள்ளும் எளிய பெட்டி அது. பாடுவது ஆம்ப். கேரி மூர் 1990ல் 'ஸ்டில் காட் த ப்ளூஸ்' பதிவில் மார்ஷலின் கவ்னர் பெடலை மார்ஷல் ஆம்போடு சேர்த்தார். மூன்று பேர், மூன்று வகைப் பெடல், மூன்றுமே உருகும் சோலோ. "சிறந்த பெடல்" என்று ஒன்று இருந்தால் இது எப்படி நடக்கும்?

இனி வழிபாடுகளுக்கு வருகிறேன்.

முதல் வழிபாடு, சிப் வழிபாடு. "உள்ளே 4558 சிப் இருக்கா?" என்று கேட்காத ஆளில்லை. அது எத்தனையோ ஒலிக்கருவிகளில் இருக்கும் சாதாரண, மலிவான சிப். டியூப் ஸ்க்ரீமரில் அலையை மழுங்க வைப்பவை டையோடுகள். அடிப்பகுதியைச் சீவுவது ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும். 808க்கும் அடுத்து வந்த டிஎஸ் 9க்கும் சுற்றில் உள்ள முக்கிய வேறுபாடு வெளியேறும் இடத்தில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள். அந்த இரண்டுக்காகப் பழைய 808க்குப் பல மடங்கு விலை.

இரண்டாவது, அரிய பொருள் வழிபாடு. 1994ல் அமெரிக்காவில் பில் ஃபினேகன் வெளியிட்ட க்ளான் சென்டார் நல்ல பெடல். கிட்டாரின் சுத்தமான சிக்னலையும் மழுங்கிய சிக்னலையும் கலந்து கொடுக்கும், ஆம்பை அழகாகத் தள்ளும். மறுப்பதற்கில்லை. ஆனால் சுற்றை யாரும் பார்க்காதபடி பிசின் ஊற்றி மூடினார்கள், செய்தது சில ஆயிரம்தான். இன்று பழைய பெட்டி ஒன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. வேடிக்கை என்னவென்றால், அவரே பின்னால் கொண்டுவந்த கேடிஆர் பெடலின் மேல், இந்த அதீதப் பரபரப்பு தன்னால் உண்டானதல்ல என்ற பொருளில் அச்சடித்துவிட்டார். செய்தவருக்கே கூச்சம், வாங்குகிறவருக்கு இல்லை.

மூன்றாவது, வீடியோ வழிபாடு. நல்ல அறை, நன்றாகச் சூடேறிய ஆம்ப், முன்னால் நல்ல மைக், முப்பது வருடம் வாசித்த கை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் பெடலுக்குக் கொடுப்பார்கள். நம் பையன் அதைக் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுப்பான்.

இப்போது உங்கள் ஆட்சேபணை. "சார், நீங்கள் சொல்வது மேடைக்குச் சரி. வீட்டில் ஆம்பை அவ்வளவு சத்தமாக வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?"

நியாயமான கேள்வி. ஆனால் இது என் வாதத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. சத்தம் மாறினால் பெடலின் வேலையே மாறுகிறது. மாஸ்டர் வால்யூம் உள்ள ஆம்பாக இருந்தால் முன் டியூபைத் தள்ளிவிட்டு மாஸ்டரைக் குறைத்துக்கொள்ளலாம். அங்கே லெவலைக் கூட்டும் பழைய உத்தி ஓரளவு பலிக்கும். மாஸ்டர் இல்லாத ஆம்பை 2ல் வைத்து வாசித்தால் லெவலைக் கூட்டுவதால் சத்தம் கூடுமே தவிர டியூப் அசையாது. மழுங்கல் முழுவதையும் பெடலே செய்தாக வேண்டும். அப்போது மார்ஷல் ப்ளூஸ்பிரேக்கர் வகைபோல மிட்டை அதிகம் தூக்காத, மெல்ல மழுங்கும் பெடலைத் தேடலாம். ஒரே பெடலை முழுக்கத் திருகாமல், இரண்டு பெடல்களைக் குறைந்த டிரைவில் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கலாம்.

"சின்ன வாட் ஆம்ப் வாங்கினால் தீர்ந்தது" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபெல். சத்தம் பாதியாகக் கேட்கவேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் குறையவேண்டும், அதாவது வாட்டைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். 5 வாட் ஆம்ப்கூட 50 வாட்டின் பாதிச் சத்தம் போடும். கூடத்தில் வைத்தால் வீடு அதிரும்.

ஆகவே வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் உண்மையில் வாசிக்கப்போகும் சத்தத்தில் ஆம்பை வையுங்கள். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைப் போட்டு, கிட்டாரின் டோன் குமிழை 6க்கு இறக்குங்கள். பெடல் எதுவாக இருந்தாலும் டிரைவை அடியிலும் லெவலை உயரத்திலும் வைத்து, என்ன குறைகிறது என்று காதால் கேளுங்கள். அடிப்பகுதி சேறாக இருந்தால் டியூப் ஸ்க்ரீமர் வகை. ஒலி சரியாக இருந்து தள்ளுவிசை மட்டும் போதாவிட்டால் சுத்தமான பூஸ்டரோ க்ளான் வகையோ. ஒலி மந்தமாக இருந்தால் ட்ரெபிள் பூஸ்டர். ஆம்ப் மழுங்கவே இல்லையென்றால், தானே மழுங்கக்கூடிய பெடல். 1981ல் வந்து இன்றும் கடைகளில் கிடைக்கும் பாஸ் எஸ்டி 1 போன்ற விலை குறைந்த பெடல் பலருக்கு இதில் போதும். குறை என்னவென்று தெரிந்தால் மருந்து தானாகத் தெரியும்.

என் மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். ஆம்ப், நண்பன் வீட்டில் இருக்கும் 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். அதில் மாஸ்டர் வால்யூம் கிடையாது. இவன் வைத்தது 2ல். மூன்று பெடலிலும் டிரைவ் முக்கால்வாசிக்கு மேலே. டியூப் ஒருபுறம் தூங்க, பெடல் தனியாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கத்தலைப் பளபளப்பான ஆம்ப் அப்படியே வெளியே தள்ளியிருக்கிறது. கரகரப்பு வராமல் என்ன செய்யும்? பகல் நேரமாகப் பார்த்து ஆம்பை 5க்கு ஏற்றி, டிரைவைக் கால்வாசிக்கு இறக்கி, லெவலைக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். முதலில் வாங்கிய, மூன்றிலும் விலை குறைந்த பெடலை மட்டும் எடுத்துப் போகச் சொன்னேன்.

மறுநாள் போன் செய்தான். "நீங்க சொன்ன அளவுக்கு முழுசா வரல சார். ஆனா மணல் போயிடுச்சு." போதும். மீதி விரலில் வரவேண்டியது. அதற்குத் தவணை கிடையாது, சாதகம்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி உண்டு. நம் பிள்ளைகளுக்கு நடந்தது தலைகீழ். கூடத்தை அவர்களுக்கு யாரும் காட்டவே இல்லை. கால் சரியில்லையோ என்று அவர்கள் தங்களையே சந்தேகிக்கிறார்கள். என் கோபம் இதன்மேல்தான். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். "என் கையே சரியில்லையா சார்" என்று கேட்கிறானே, அந்த நம்பிக்கை போனால் கிட்டார் பரணுக்குப் போகும்.

பரீட்சையில் கேள்வி தவறாக இருந்தால், அதை எழுத முயன்ற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுப்பது எங்கள் வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அடுத்த முறை யாராவது "எந்த பெடல் நல்லது?" என்று உங்களிடம் கேட்டால், தெரிந்த பெயரை எடுத்து விடாதீர்கள். "என்ன ஆம்ப் தம்பி? எவ்வளவு சத்தத்தில் வாசிக்கிறாய்?" என்று கேளுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். எழுதும்போது உங்கள் ஆம்ப் எது, வால்யூம் எத்தனையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் நான் திருப்பிக் கேட்பேன்.