எண்ணெய் மாற்றாதவர்கள் சொல்லும் தீர்ப்பு

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் போய், முன்னும் பின்னும் ஷாக் வைத்த, பதினைந்து வருடப் பழைய ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "இருபத்தாறு இஞ்ச் சக்கரமா? அது செத்துப்போன சைஸ். பார்ட்ஸ் கிடைக்காது. பின்னால் இருக்கிற ஷாக் என்றைக்கு வேண்டுமானாலும் கையை விரிக்கும். அந்தக் காசுக்குப் புதிதாக, பின் ஷாக் இல்லாத ஹார்ட்டெயில் ஒன்று வாங்கிக்கொள்." நான் வசிக்கும் டொரொண்டோவில் இதைச் சொல்லாத கடைக்காரர் அபூர்வம். அவராவது பிழைப்புக்காகச் சொல்கிறார். சைக்கிளைக் கரைத்துக் குடித்தவர்களும் இதையே மந்திரம்போல ஓதுவதுதான் எரிச்சல்.

இந்தத் தீர்ப்பில் பாதி பொய், மீதி சோம்பல். சோம்பலை முதலில் பார்த்துவிடலாம்.

பின் ஷாக் என்பது இரண்டு வேலை செய்யும் ஒரு குழாய். ஒரு பகுதியில் காற்று, அதுதான் ஸ்பிரிங். இன்னொரு பகுதியில் எண்ணெய். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல் அடக்கி வைப்பது, சின்னத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போகும் இந்த எண்ணெய். அதில் காற்றுக் குமிழ் உண்டாகாமலிருக்க, மிதக்கும் பிஸ்டன் ஒன்றின் பின்னால் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். இவை ஒன்றோடொன்று கலக்காமல் காப்பவை சில ரப்பர் வளையங்கள் மட்டுமே. பின் சக்கரம் 125 மில்லிமீட்டர் மேலே ஏறும்போது ஷாக் 50 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், சக்கரத்தில் விழும் விசையைப்போல் சுமார் இரண்டரை மடங்கை அந்தக் குழாய் தாங்குகிறது. சேற்றிலும் மணலிலும் ஒவ்வொரு வேருக்கும் ஒருமுறை.

ஃபாக்ஸ் நிறுவனம் தன் ஷாக்குகளை 125 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துச் சர்வீஸ் செய்யச் சொல்கிறது. வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று ஒண்டாரியோவின் ஆறு மாதப் பருவத்தில் ஓட்டினாலே கணக்கு நூறு மணி நேரத்தைத் தொட்டுவிடும். ஆக, வருடத்துக்கு ஒருமுறை திறந்தாக வேண்டும். எத்தனை பேர் திறக்கிறார்கள்? செயினுக்கு எண்ணெய் விடுவார்கள், டயருக்குக் காற்றடிப்பார்கள், வாரக் கடைசியில் சோப்பு போட்டுக் கழுவிப் படமும் எடுப்பார்கள். ஷாக்கை மட்டும் வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள்.

ஐந்தாறு வருடம் இப்படிப் போனால் ரப்பர் இறுகிவிடும், எண்ணெய் நுரைத்துவிடும். அமுக்கினால் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கும். திரும்பி எழும்போது அடக்க ஆளில்லாமல் ஓட்டுகிறவரின் இடுப்பில் உதைக்கும். அதில் ஏறி ஒரு சுற்று வந்து இறங்கி, "பார்த்தாயா, பழைய தொழில்நுட்பம்" என்கிறார்கள். அப்படியே கடைக்குப் போய்ப் புது சைக்கிள் ஒன்றில் ஏறுகிறார்கள். அதில் எண்ணெய் புதிது, ரப்பர் புதிது, பேரிங் புதிது. "அடேயப்பா, பத்து வருடத்தில் எவ்வளவு முன்னேற்றம்!" இரண்டு காலகட்டங்களை ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், சர்வீஸ் ஆனதையும் ஆகாததையும்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள். குக்கரில் கேஸ்கெட் தளர்ந்து ஆவி போகிறது என்பதற்காகச் சமையல் கலையே மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

பேரிங் விஷயமும் இதே கதைதான். பின்பக்கச் சட்டம் அசையும் மூட்டுகளில் இருக்கும் பேரிங்குகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சில பாகைகள் மட்டும் முன்னும் பின்னும் ஆடுகின்றன. எல்லாப் பாரமும் ஒரே இடத்துக் குண்டுகளின் மேல் விழுவதால் அங்கே பள்ளம் விழுகிறது. மேலே பிரஷர் வாஷர் வைத்து அடித்தால் கிரீஸும் போய்த் துருவும் ஏறும். அப்புறம் பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். "ஃபிரேம் போச்சு" என்று விற்றுவிடுவார்கள். ஆனால் அந்தப் பேரிங்குகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்கென்று செய்தவையே அல்ல. 6900, 6902, 608 என்று மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் போகும் அதே எண்கள். பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் ஒன்று சில டாலருக்குக் கிடைக்கும். சைக்கிள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் விலை இன்னும் குறையும் என்பது என் அனுபவம்.

இனிப் பொய்க்கு வருகிறேன்.

புது சைக்கிளின் விளம்பரத்தில் பின் சஸ்பென்ஷன் அமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இன்று உலகத்தில் மிக அதிகமாகப் புழங்கும் அமைப்புகளில் ஒன்று, பின் அச்சுக்குச் சற்று முன்னால், கீழ்க்கம்பியில் ஒரு மூட்டு வைத்த நான்கு கம்பி அமைப்பு. அதை வகுத்தவர் ஹோர்ஸ்ட் லைட்னர், 1990களில். அந்தக் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 1998இல் விலைக்கு வாங்கியது. அமெரிக்காவில் விற்க வேண்டுமென்றால் மற்றவர்கள் அதற்குக் கப்பம் கட்ட வேண்டும், அல்லது மூட்டை வேறிடத்துக்கு நகர்த்தி ஒப்பேற்ற வேண்டும் என்ற நிலை இருந்தது. 2013 வாக்கில் காப்புரிமை காலாவதியானது. அதன்பின் பல நிறுவனங்கள் அந்த மூட்டைத் தங்கள் "புதிய" மாடல்களில் சேர்த்துக்கொண்டன. அதாவது 2005இல் வந்த ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் சைக்கிளில் இருந்த அதே தத்துவத்தை இன்றைய புது வரவில் புதுமை என்று நமக்கு விற்கிறார்கள். சாண்டா குரூஸ் நிறுவனத்தின் விபிபி அமைப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஜயண்ட் நிறுவனத்தின் மேஸ்ட்ரோ 2005இல் வந்தது. இரண்டும் மெருகேறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மாறியது என்ன? பெரும்பாலும் அளவுகள். பின் அச்சின் அகலம் 135 மில்லிமீட்டர் என்று இருந்தது 142 ஆயிற்று. 2015 வாக்கில் பூஸ்ட் என்ற பெயரில் 148 ஆயிற்று. ஷாக்கின் நீளத்தை இஞ்சில் அளந்தது போய் 2016இல் மெட்ரிக் அளவுகள் வந்தன. பெடல் அச்சு உட்காரும் குழாயில் காலங்காலமாக மரை இருந்தது. மரை வேண்டாம், அழுத்திச் செருகினால் போதும் என்றார்கள். செருகியது கிறீச்சிட்டது. ஓட்டுகிறவர்கள் பல வருடம் திட்டித் தீர்த்த பிறகு பெரிய நிறுவனங்களே பல மாடல்களில் சத்தமில்லாமல் மரைக்குத் திரும்பிவிட்டன. அந்த வகையில் 2006ஆம் வருடத்துச் சைக்கிள் ஒன்று 2014ஆம் வருடத்ததைவிட இன்றைய நடப்புக்கு நெருக்கமானது! காலாவதி என்ற சொல்லை இந்தத் தொழில் எவ்வளவு லேசாகப் புழங்குகிறது என்பதற்கு இது போதும்.

சக்கரத்தின் கதை இன்னும் வேடிக்கை. 26 இஞ்ச் என்பது யாரும் ஆய்ந்து கண்டுபிடித்த அளவு அல்ல. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் 1930, 40களின் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்துத் தமல்பாயிஸ் மலைப் பக்கத்து மண் சரிவுகளில் விட்டார்கள். அந்தப் பருத்த டயர் 26 இஞ்ச். அதனால் மலைச் சைக்கிளும் 26 ஆயிற்று. பழைய சைக்கிளைக் குப்பையிலிருந்து எடுத்துச் சரிசெய்து ஓட்டியவர்கள் பெற்ற பிள்ளை இந்த விளையாட்டு. இன்று அதே விளையாட்டில் பழைய சைக்கிள் என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

29 இஞ்ச் சக்கரம் வேரிலும் கல்லிலும் தடைபடாமல் உருண்டு போகிறது, நீண்ட பாதையில் வேகமும் அதிகம். இதை மறுப்பவன் ஓட்டிப் பார்க்காதவன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யாரஸ்லாவ் குல்ஹாவி 29 இஞ்ச் ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வென்றார், 27.5இல் வந்த நினோ ஷுர்ட்டர் ஒரே ஒரு விநாடி பின்னால். அந்த ஒரு விநாடிக்காரர்களுக்குச் சக்கர அளவு முக்கியம்தான். உடனே தொழிலே திரும்பியது, ஆனால் முதலில் 29க்கு அல்ல. 2014 மாடல்களில் ஜயண்ட் உள்படப் பலர் 27.5க்குத் தாவினார்கள். 26இன் ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர், 27.5க்கு 584, 29க்கு 622. நடுவாந்திரம் என்று விற்கப்பட்டது உண்மையில் பழையதன் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. வித்தியாசம் 25 மில்லிமீட்டர். அதற்காக 26ஐத் தலைமுழுகியவர்கள் சில வருடம் கழித்து 29க்காக 27.5ஐயும் தலைமுழுகினார்கள். இன்று 27.5 பெரும்பாலும் பின்சக்கரமாகவும் சிறிய சைஸ் ஃபிரேம்களிலும்தான் காலம் தள்ளுகிறது.

26இல் வேகமாகப் போக முடியாது என்பவர்கள் 2011 உலகச் சாம்பியன் போட்டியை நினைத்துக்கொள்ளட்டும். சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில், கொட்டும் மழையில், சேறாகிப் போன செங்குத்துப் பாதையில், டேனி ஹார்ட் என்ற இங்கிலாந்துக்காரர் இரண்டாமவரைவிடப் பதினோரு விநாடிக்கும் மேல் முந்தி வந்தார். அடியில் இருந்தது 26 இஞ்ச் ஜயண்ட் குளோரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொன் பள்ளத்தாக்கின் குரொதர்ஸ் வனத்தில் நாய் கூட்டி வருபவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஓட்டும் என்னைப் போன்றவர்களை அந்தச் சக்கரமா தாமதப்படுத்துகிறது?

பார்ட்ஸ் கிடைக்காது என்பதும் முழு உண்மை அல்ல. குதிப்பதற்கென்றே செய்யும் டர்ட் ஜம்ப் சைக்கிள்கள் இன்னும் 26இல்தான் வருகின்றன. சிறுவர் சைக்கிளும் அப்படியே. ஆகவே டயர், ட்யூப், ரிம் மூன்றும் உண்டு. பழைய பின்சக்கர ஹப்பிலேயே ஷிமானோவின் பதினொரு கியர் டியோர் கேசட் உட்காரும். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 51 பல் வரை. பழைய மூன்று பல்சக்கரத் தொல்லை தீர்ந்தது. நீண்ட ஸ்டெம்மைக் கழற்றிவிட்டுக் குட்டையாக ஒன்று, கைப்பிடி அகலமாக ஒன்று, உட்கார்ந்தபடியே சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்ட் ஒன்று. புது சைக்கிளின் தைரியத்தில் பெரும்பங்கு இந்த மூன்றில் இருக்கிறது.

முழுவதும் இல்லை. முன் ஃபோர்க் சாயும் கோணத்தை ஸ்பேனரால் மாற்ற முடியாது. பழையதில் 69, 70 பாகை; புதியதில் 65 பக்கம். செங்குத்தாக இறங்கும்போது பழைய சைக்கிள் ஓட்டுகிறவரிடம் கூடுதல் கவனம் கேட்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சரிவுகளில் இறங்குபவருக்கு இது பெரிய விஷயம், அவர் புதியதையே வாங்கட்டும். ஆனால் எங்கள் ஊரைச் சுற்றி இருப்பது என்ன? ஓக் ரிட்ஜஸ் மேட்டில் இருக்கும் டர்ஹம் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காடழித்து விவசாயம் செய்து, மணல் பறக்கத் தொடங்கி, பிறகு பைன் நட்டு மீட்ட நிலம் அது. குட்டைக் குட்டையான ஏற்றங்கள், மரத்துக்கு மரம் வளைவுகள், எங்கும் வேர். அங்கே கோணம் சற்று நிமிர்ந்திருந்தால் வளைவில் சுருக்கெனத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

ஹார்ட்டெயில் வாதத்துக்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். பின்னால் ஷாக் இல்லாத சைக்கிள் எளிமையானது, இலேசானது, செலவில்லாதது, எல்லாம் சரி. ஆனால் பின் சஸ்பென்ஷனை முதுகுக்கான மெத்தை என்று நினைத்துத்தான் அதை விட்டுவிடச் சொல்கிறார்கள். அதன் வேலை டயரைத் தரையோடு வைத்திருப்பது. ஈரமான வேர்கள் குறுக்கே கிடக்கும் ஏற்றத்தில் ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் ஒவ்வொரு வேரிலும் எகிறும், காற்றில் ஒரு கணம் வெறுமனே சுழலும், கால் கீழே வந்துவிடும். நல்ல ஷாக் வைத்த பழைய சைக்கிள் அதே இடத்தில் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறும். நடுத்தரமான புது ஃபுல் சஸ்பென்ஷன் இங்கே 4,000 டாலரைச் சுலபமாகத் தாண்டுகிறது. பழையது சில நூறு டாலர். ஷாக் சர்வீஸ், பேரிங், ஃபோர்க் சீல், பிரேக் எண்ணெய் எல்லாம் சேர்த்து இன்னும் சில நூறு.

எல்லாப் பழையதையும் நான் சிபாரிசு செய்யவில்லை. 1990களில் பெடல் அச்சையும் பின்சக்கரத்தையும் ஒரே சட்டத்தில் கட்டிய வகை ஒன்று வந்தது. எழுந்து நின்று மிதித்தால் சஸ்பென்ஷன் விறைத்துவிடும். அது சுவரில் மாட்ட அழகு. அந்த ஒரு மாடலுக்கென்றே செய்த விசேஷ ஷாக் வைத்தவையும் வேண்டாம். அங்கே மட்டும் பார்ட்ஸ் கிடைக்காது என்ற பயம் நியாயமானது. அலுமினியம் களைப்படையும் உலோகம், பெயின்ட்டில் மயிரிழைபோலத் தொடங்கும் விரிசலைப் பற்ற வைத்துச் சமாளிக்கக் கூடாது. சீட் குழாயின் அடி, ஷாக் மாட்டும் காதுகள், முன் குழாய்க்குக் கீழ்ப்பக்கம், இந்த மூன்று இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஷாக்கின் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்சட்டத்தைக் கையால் தூக்கி இறக்குங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும், பக்கவாட்டில் அசையக் கூடாது. விற்கிறவர் போல்ட்டைக் கழற்ற விடமாட்டேன் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். "ஷாக்கில் லேசாகக் காற்று இறங்குகிறது, மற்றபடி சூப்பர்" என்றால் நில்லுங்கள். சர்வீஸ் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.