கேகேயின் 'பல்', மறுபடியும்

மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பிப் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. யூட்யூபில் கேகேயின் 'பல்' (1999) ஆல்பத்தைத் தேடிப் போட்டேன். ஹிந்தியில் பல் என்றால் கணம். தங்கமணிக்கு இன்னமும் அது பல் டாக்டர் பாட்டுதான் :-)

நம்மவர்களுக்கு அவர் 'கல்லூரிச் சாலை', 'உயிரின் உயிரே' கேகே. வளர்ந்தது டெல்லி, வீட்டில் மலையாளம். என்னைக் கேட்டால் அசல் கேகே இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறார். லெஸ்லி லூயிஸ் இசையில் குரல்தான் முன்னால் நிற்கிறது. சினிமாவில் அவர் குரலுக்கு வேறு யாராவது வாயசைப்பார்கள். இந்த வீடியோக்களில் அவரே நின்று பாடுகிறார். அடுத்த ஆல்பம் 'ஹம்சஃபர்' வர 2008 ஆயிற்று. நடுவில் ஒன்பது வருஷத்தை சினிமா தின்றுவிட்டது. இன்டிபாப்பே அப்படித்தான் தேய்ந்து போனது. நானும் அப்போது காசு கொடுத்து வாங்கவில்லை, ரூம்மேட் கேசட்டில் பதிந்துகொண்டவன்தான். குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

2022 மே 31. கொல்கத்தாவில் கல்லூரி விழா ஒன்றில் பாடிவிட்டு அன்றிரவே போய்விட்டார். வயது 53.

மகளுக்கு லிங்க் அனுப்பினேன். "அப்பா, இது எங்க ஸ்கூல் ஃபேர்வெல்ல பாடினோமே! இவர்தான் பாடினதா?" என்று பதில் வந்தது.