விருந்தினனின் கடன்



குறைந்த செலவில் ஆல்ப்ஸ் மலைகளைக் காண வேண்டும் என்னும் ஆவல் நம் வாலிபரிடையே பெருகிவருகிறது. அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. பிப்ரவரி விடுமுறைக் கூட்டம் கலைந்தபின் மார்ச் மாதத்தில் சுவிட்சர்லாந்துக்குப் போவதும், ரயிலுக்கு அரைக்கட்டண அட்டை வாங்குவதும், இளைஞர் விடுதியின் பொதுச் சமையலறையில் தாமே சமைத்து உண்பதும் நல்ல சிக்கனமே. ஆனால் தன் செலவைப் பிறர் தலையில் சுமத்திவிட்டு அதையும் சிக்கனம் என்று அழைப்போர் உண்டு. அதை நான் ஏற்பதில்லை.

சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய் 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியாலும் கள்வராலும் வழிப்போக்கர் அங்கே மாண்டுபோவதைக் கண்டு, ஆவோஸ்தா நகரத்துக் குருவான பெர்னார்ட் 11ஆம் நூற்றாண்டில் ஒரு சத்திரம் எழுப்பினார். கிறிஸ்து இங்கே ஆராதிக்கப்படுகிறார், இங்கே போஷிக்கப்படுகிறார் என்ற பொருளுடையது அதன் விருதுவாக்கு. வழிப்போக்கனுக்கு இடும் அப்பம் கிறிஸ்துவுக்கே இடப்படுவதாக அத்துறவியர் கொண்டனர். பல நூற்றாண்டுகள் செல்வந்தனுக்கும் ஏழைக்கும் விலையின்றி உணவும் படுக்கையும் கொடுத்தனர். வழி தவறியோரைத் தேடிப்போனவர்களில் சிலர் தாமே பனிச்சரிவில் மடிந்தனர். விலையில்லாத அந்த அப்பத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே.

1800ஆம் ஆண்டு மே மாதத்தில் நெப்போலியன் ஏறத்தாழ 40,000 வீரரோடு அவ்வழியே கடந்தான். துறவியர் படைக்கு அப்பமும் பாலாடைக்கட்டியும் திராட்சரசமும் கொடுத்தனர். அடிவாரத்துப் பூர்க் சேன் பியேர் கிராமம் மரங்களையும் பாத்திரங்களையும் இழந்தது. ஈடு செய்வதாக அவன் எழுதிக்கொடுத்த வாக்கு முழுதும் நிறைவேறவில்லை. 1984இல்தான் பிரெஞ்சு அதிபர் மித்தரான் அடையாளமாக ஓர் ஈடு செய்தார். மலிவுப் பயணம் என்றால் இதைவிட மலிவானது உண்டோ!

அந்நியரை உபசரித்தலைப்பற்றி எபிரெயர் 13ஆம் அதிகாரத்திலிருந்து நாங்கள் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். உபசரிக்கப்படுகிறவனின் கடமையைப்பற்றி ஏனோ பேசுவதில்லை. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் சீஷரைப் பணப்பையின்றி அனுப்பியபோது, வைக்கப்படுவதைப் புசிக்கவும் வீட்டுக்கு வீடு மாறாதிருக்கவும் கட்டளையிட்டார். கையில் பணமில்லாத பயணிக்கும் ஒழுங்கு உண்டு.

1964இல் மலைக்கடியில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ஆயினும் சத்திரம் மூடப்படவில்லை. குளிர்காலத்தில் பனிக்காலணியோ பனிச்சறுக்குக் கட்டைகளோ அணிந்துதான் அங்கே ஏற முடியும். இப்பொழுது தங்குவதற்குக் கட்டணம் உண்டு. அதில் பேரம் பேசாதீர்கள்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் நண்பகல் வெயில் பனியை இளக்குகிறது; சரிவுகள் பெயர்கின்றன. தாவோஸ் நகரத்துப் பனி ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் ஒவ்வொரு மாலையும் 1 முதல் 5 வரையான அளவில் அபாயநிலையை இலவசமாக அறிவிக்கிறது. அதைப் பாராமல் ஏறுகிறவன், தன்னைத் தேடிவரும் மீட்புப் பணியாளரின் உயிரையும் பணயம் வைக்கிறான். ஆகையால், போக விரும்புவோர் வழிகாட்டிக்கான கூலியை முதலாவது எழுதி வையுங்கள். எத்தனை நாள் தங்குவதென்பதை மிஞ்சிய பணத்தைக் கொண்டு கணக்கிடலாம்.